ஆர்வச் சான்றிதழ்

பொன்னிவளம் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்க ஆசைப்பட்டவள் குந்தவை. இடம் கிடைத்தது அவளுடைய அப்பா துரைராசுவுக்கு. இதில் யார் செய்த தவறும் இல்லை என்று பல்கலைக்கழகம் பின்னால் எழுத்து மூலமாகவே தெரிவித்தது. ஒவ்வொருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் அப்படி ஆகிவிட்டதாம்.

துரைராசுவுக்கு நாற்பத்தொன்பது வயது. மேலச்செங்காந்தல் கிராமத்தில் சொந்தமாக இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கர்கூடத் தேறாது; குத்தகைக்கு ஏழு மா. ஒரே மகள் குந்தவை பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தெட்டு வாங்கியிருந்தாள். முடிவு வந்த வாரத்தில் தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் ஒரு பெரிய பிளெக்ஸ் தொங்கியது. "டெல்டா விவசாயி மகளே வா! கட்டணமின்றிப் படி!" பாதி பிளெக்ஸில் பல்கலைக்கழக வேந்தர் சிரித்துக்கொண்டிருந்தார். மீதிப் பாதியில் அவருடைய மகன் சிரித்துக்கொண்டிருந்தார். இருவரின் கால்களுக்கும் அடியில் பொடி எழுத்தில் பாடங்களின் பட்டியல் இருந்தது. குந்தவை குனிந்து பதினோராவது வரியைப் படித்தாள். தாவரவியல்.

"அப்பா, இங்க இருக்குப்பா."

துரைராசுவுக்குத் தாவரவியலைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகள் முகத்தைப் பார்த்தால் அது நல்ல பாடம் என்று தெரிந்தது. அடுத்த நாளே இருவரும் கிளம்பினார்கள்.

கலந்தாய்வு அரங்கம் ஏ.சி. போட்டது. எதிரே இருந்த பெரிய திரையில் "உங்கள் எதிர்காலம் தயாராகிக்கொண்டிருக்கிறது, காத்திருக்கவும்" என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரம் சுற்றிய பிறகு இருநூற்றுப் பதினான்காம் டோக்கனைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் புகழேந்தி என்ற இளைஞர், ஜூன் மாத வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் இருந்த பலகை அவரை 'எதிர்கால வழிகாட்டி' என்றது.

"என்ன படிக்கணும்மா?"

"தாவரவியல் சார்."

"வெரிகுட். அப்ப செயற்கை நுண்ணறிவு போட்டுக்கலாமா?"

"இல்ல சார், தாவரவியல்."

புகழேந்தி துரைராசுவைப் பார்த்துச் சிரித்தார். "சார், எங்க பல்கலைக்கழகத்துல யாரையும் கட்டாயப்படுத்துறதே கிடையாது. மாணவரோட விருப்பம்தான் எங்களுக்குப் பெருசு. அதனால விருப்பத்தையெல்லாம் நாங்களே யோசிச்சுத் தயார் பண்ணி வெச்சிருக்கோம். அதுல ஒண்ண நீங்க சுதந்திரமா எடுத்துக்கலாம்."

"எம்பொண்ணு அதைத்தான் கேக்குதுங்க. உங்க போர்டுலயும் போட்டிருந்துச்சே."

"போட்டிருக்கும். பதினோரு வரி வேணும்னு டிசைனர் கேட்டாரு." புகழேந்தி கணினியில் எதையோ தட்டினார். "சரி, நீங்க பிடிவாதமா இருக்கீங்க. போன வருஷம் இப்படித்தான் ஒரு பொண்ணு தாவரவியல்ல சேர்ந்துச்சு. மூணாம் மாசம் கல்யாணம் ஆகிப் போயிடுச்சு. எங்க தரவரிசையே எறங்கிப்போச்சு. அதுலேருந்து ஒரு ஷரத்து வெச்சிருக்கோம். ஆர்வச் சான்றிதழ் வேணும். உங்க வி.ஏ.ஓ. கிட்ட வாங்கிட்டு வாங்க."

துரைராசுவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. "ஆர்வம் அவ மனசுல இருக்குதுங்க. அதுக்கு வி.ஏ.ஓ. எப்படிங்க சான்று குடுப்பாரு?"

"வருமானம் உங்க பையில இருக்கு. அதுக்கு அவருதானே குடுக்குறாரு?"

துரைராசு பையை எடுத்துக்கொண்டார். எழுந்திருக்கும்போது புகழேந்தி இன்னொன்றும் சொன்னார். "அதுவரைக்கும் வேற எந்தக் காலேஜுக்கும் அப்ளிகேஷன் போடாதீங்க. போட்டா ஆர்வம் ரெண்டாப் பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம். சிஸ்டம் கண்டுபிடிச்சிடும்."

அரசுக் கல்லூரிக்குப் போட வைத்திருந்த விண்ணப்பத்தைக் குந்தவை பாதியில் மூடினாள். கடைசித் தேதி அதற்கு அடுத்த நாள்.

கிராம நிர்வாக அலுவலர் தியாகேசன் கெட்ட மனிதர் இல்லை. இருபத்துநான்கு வருடப் பணியில் சாதி, வருமானம், இருப்பிடம், வாரிசு, விதவை என்று எல்லாவற்றுக்கும் சான்று கொடுத்தவர். ஆர்வத்துக்கு மட்டும் அவரிடம் படிவம் இல்லை. படிவம் இல்லை என்று ஒரு குடிமகனைத் திருப்பி அனுப்புவது அவருக்குப் பிடிக்காது. நில அனுபவத்துக்குக் கொடுக்கும் படிவத்தை எடுத்து 'நிலம்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'ஆர்வம்' என்று எழுதினார். ஆனால் ஸ்தல விசாரணை இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது என்றார். முதல் தடவை வருவதாகச் சொன்ன நாளில் அவருக்குத் தாலுகாவில் ஜமாபந்தி, வருடாந்தரக் கணக்குச் சரிபார்ப்பு. இரண்டாம் தடவை அமைச்சர் வருகை. மூன்றாம் தடவை வந்தே விட்டார். குறுவைக்கு நாற்றுப் பறிக்கத் துரைராசு ஆள் சொல்லியிருந்த நாள் அது. வந்த ஆட்களை வாய்க்கால் கரையில் உட்கார வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு ஓடிவந்தார்.

தியாகேசன் நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார்.

"ஆர்வம் எவ்வளவு காலமா அனுபவத்துல இருக்கு?"

"ஒம்பதாவதுலேருந்து சார்" என்றாள் குந்தவை.

"பசலியில, அதான் ரெவின்யூ வருஷக் கணக்குல, சொல்லணும்மா. சரி, நான் போட்டுக்குறேன். இடையில யாருக்கும் போக்கியத்துக்கோ குத்தகைக்கோ விட்டிருக்கீங்களா?"

"ஆர்வத்தையா சார்?"

"படிவத்துல கேட்டிருக்கு."

"இல்ல சார்."

"வில்லங்கம்? வேற யாராச்சும் பாத்தியதை கொண்டாடுறாங்களா?"

"இல்ல சார்."

"நாலு எல்லை சொல்லு."

குந்தவை அப்பாவைப் பார்த்தாள். அவர் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அவளே யோசித்துச் சொன்னாள். வடக்கே விலங்கியல், தெற்கே வேதியியல், கிழக்கே விவசாயம். மேற்கே என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து அவள் அம்மா கலைமகளின் குரல் வந்தது. "மேற்கால எங்கண்ணன் மவன்னு எழுதிக்குங்க. ரெண்டு வருசமாப் பொண்ணு கேட்டுக்கிட்டிருக்காங்க."

தியாகேசன் 'மேற்கே கல்யாணம்' என்று எழுதிக்கொண்டார்.

சாட்சிக்குத் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மதுவைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விசாரணையை எழுதிய மகஜரைப் படித்தார். "இந்தப் புள்ளைக்கு ஆர்வம் இருக்குங்க. சாமான் வாங்க வந்தா சாமானை மறந்துட்டு கடைக்குப் பின்னாடி மொளைச்சிருக்கிற செடியப் பாத்துக்கிட்டு நிக்கும். நானே கண்ணால பாத்திருக்கேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் முடிந்து முத்திரை குத்தப் போகும்போது தியாகேசனின் கை நின்றது. "பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினேழு. ஆவணி வந்தா பதினெட்டு."

"அப்ப மைனர். மைனர் பேர்ல அனுபவம் எழுத முடியாதுங்க. கார்டியன் பேர்லதான் எழுதணும்." கோடு போட்ட இடத்தில் துரைராசுவின் பெயரை எழுதினார். தாவரவியலில் ஆர்வம் மேற்படி துரைராசுவின் தடையற்ற அனுபவத்தில் இருந்துவருவதாகச் சான்றளிக்கப்பட்டது. அதற்குள் நாற்றுப் பறிக்க வந்தவர்கள் பக்கத்து வயலுக்குப் போய்விட்டார்கள்.

சான்றிதழைப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றிய ஒன்பதாம் நாள் துரைராசுவின் கைபேசிக்குச் செய்தி வந்தது. "வாழ்த்துகள் துரைராசு! இளம் அறிவியல் தாவரவியலில் உங்களுக்கு இடம் உறுதி செய்யப்பட்டது. கனவு காணுங்கள்!" கீழே மதிப்பெண் ஐந்நூற்று நாற்பத்தெட்டு என்றிருந்தது. பாலினம் பெண் என்றிருந்தது. பெயர் துரைராசு என்றிருந்தது.

குந்தவை அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். வெகு நேரம் வரவில்லை.

மறுநாள் புகழேந்தி அதே கோட்டில் இருந்தார். "பேரை மாத்தணும், அவ்வளவுதானே? சின்ன விஷயம். மாணவர் குறைதீர் பிரிவுல மனு குடுங்க."

"குடுக்குறேன் சார்" என்று குந்தவை பேனாவை எடுத்தாள்.

"நீங்க குடுக்க முடியாதும்மா. அது மாணவர்களுக்கான பிரிவு. நீங்க மாணவர் இல்லியே." அவர் துரைராசுவின் பக்கம் திரும்பினார். "நீங்க குடுக்கலாம் சார். ஆனா முதல்ல நீங்க சேரணும். சேர்ந்தாத்தான் மாணவர். நாளை சாயந்தரத்துக்குள்ள சேரலைன்னா இடம் போயிடும். இடம் போயிட்டா திருத்தறதுக்கு என்ன இருக்கு?"

துரைராசு கையைப் பிசைந்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று மகளிடம் கேட்டார். "என்ன பாப்பா பண்ணலாம்?"

"சேருங்கப்பா. நீங்க உள்ள போனாத்தான் நான் உள்ள போவ முடியும் போலருக்கு."

அப்படித்தான் துரைராசு கல்லூரி மாணவர் ஆனார். ஆர்வச் சான்றிதழின் அசலைச் சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சேர்க்கைப் படிவத்தில் மாணவரின் பாதுகாவலர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. அங்கே குந்தவை கையெழுத்துப் போட்டாள். உறவுமுறை என்ற கட்டத்தில் 'மகள்' என்று எழுதினாள். எழுத்தர் அதைப் பார்த்தார், முத்திரை குத்தினார். கட்டம் காலியாக இல்லையே, அது போதும்.

புதிய மாணவர் வரவேற்பு விழாவுக்குக் கட்டாயம் வர வேண்டும், வராவிட்டால் மனு ஏற்கப்படாது என்றார்கள். ஐந்நூறு பிள்ளைகளுக்கு நடுவில் வேட்டி கட்டிக்கொண்டு துரைராசு உட்கார்ந்தார். குந்தவை பாதுகாவலர் வரிசையில், யார் யாரோ அம்மாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

வேந்தர் பேசினார்.

"நான் எட்டாவதுதான் படிச்சேன். இன்னைக்கு நான் வந்தா எழுநூறு பேராசிரியருங்க எழுந்து நிக்கிறாங்க. படிப்போட மதிப்பு என்னைவிட யாருக்குத் தெரியும்? இந்தப் பல்கலைக்கழகம் வர்றதுக்கு முன்னாடி இந்த எடத்துல என்ன இருந்துச்சு? வெறும் நெல்லு! வருஷத்துக்கு ரெண்டு தடவை வெளையும், அறுத்துட்டுப் போயிடுவாங்க. இன்னைக்குப் பாருங்க, விவசாயத்தைக் காப்பாத்தறதுக்காகவே நூத்தியிருபது ஏக்கர்ல கட்டடம் கட்டியிருக்கோம்!"

கைதட்டல் ஓய்ந்ததும் யாரோ அவர் காதில் ஏதோ சொன்னார்கள். துரைராசுவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நாற்பத்தொன்பது வயதில் படிக்க வந்த விவசாயி என்றார் வேந்தர். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

துரைராசு மைக்கில் பேசியதே இல்லை. ஆனால் இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. "அய்யா, இந்த எடம் எனக்கில்லீங்க. எனக்கு அதுக்குத் தகுதியும் இல்ல. எம்பொண்ணுக்குத்தான் வரணும். தப்பா என் பேருக்கு வந்துடுச்சு."

வேந்தர் மைக்கை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா இந்த அடக்கத்தை! தனக்குத் தகுதியில்லன்னு சொல்ற பண்பு இன்னைக்கு எத்தனை மாணவர்கிட்ட இருக்கு? இவரைப் பாத்து எல்லாரும் கத்துக்கணும்." ஐந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

செய்தித்தாளில் படம் வந்தது. நெய்னா முகம்மது அதை வெட்டிக் கடையில் ஒட்டி வைத்தார். "என்ன துரைராசு, இன்னைக்குக் கிளாஸ் இல்லியா?" என்று தெருவில் போகிறவர்கள் கேட்டார்கள். முதல் நாள் சிரித்தார். நாலாம் நாளிலிருந்து வேறு தெரு வழியாக வயலுக்குப் போனார். நடவு இருபது நாள் பிந்திவிட்டது. வீட்டில் குந்தவை புத்தகத்தை எடுப்பதில்லை. கலைமகளின் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பெண்ணுக்குத்தான் இடம் கிடைக்கவில்லையாமே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

குறைதீர் குழு மாதத்தில் இரண்டாம் புதன்கிழமை மட்டும் கூடும். தலைவர் முனைவர் குணசேகரன். இருபுறமும் இரண்டிரண்டு உறுப்பினர்கள். துரைராசு மட்டும் உள்ளே அனுமதிக்கப்பட்டார்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும்" என்றார் குணசேகரன். "குறையைக் கேக்குறதுக்குத்தான் எங்களுக்கு அதிகாரம். தீர்க்கறது வேற குழு. அது இன்னும் அமைக்கல."

"சரிங்க. கேட்டுக்கிட்டாப் போதும். ஆர்வம் எனக்கில்லீங்க, எம்பொண்ணுக்குத்தான்."

"சான்றிதழ்ல உங்க பேர் இருக்கு. அரசாங்க முத்திரை இருக்கு. உங்களுக்கு ஆர்வம் இல்லைன்னு நீங்க சொல்றீங்க, இருக்குன்னு அரசாங்கம் சொல்லுது. நாங்க யாரை நம்பறது?"

"வெளியிலதாங்க நிக்குது. கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

"அவங்க மாணவர் இல்லியே. எந்த விதிப்படி கேக்குறது?" குணசேகரன் மற்ற நால்வரையும் பார்த்தார். நால்வரும் இல்லை என்று தலையசைத்தார்கள். "பேர் மாத்த விதியில்ல. வேணும்னா உங்க சேர்க்கையை ரத்து பண்ணலாம். அதுக்கு நீங்க தகுதியில்லாதவர்னு நிரூபிக்கணும். வெறும் வாயால சொன்னா ஏத்துக்க முடியாது. அப்படி ஏத்துக்க ஆரம்பிச்சா இங்க எத்தனை பேரை வெளிய அனுப்ப வேண்டியிருக்கும்?"

ஓர் உறுப்பினர் இருமினார்.

துரைராசு மகளைக் கூட்டிக்கொண்டு தான் படித்த உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். முப்பத்துநான்கு வருடம் கழித்து அந்தப் படியில் கால் வைத்தார். தலைமையாசிரியர் பழைய பதிவேட்டைத் தூசி தட்டிப் புரட்டினார். புகைப்படம் கேட்கவில்லை, சாட்சி கேட்கவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. துரைராசு ஒன்பதாம் வகுப்பில் தேர்ச்சி பெறவில்லை என்ற சான்று பத்து நிமிடத்தில் கையில் கிடைத்தது. இந்த இரண்டு மாதத்தில் அவருக்குச் சுலபமாகக் கிடைத்த காகிதம் அது ஒன்றுதான்.

வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்தியதாகத்தான் அவர் வீட்டில் சொல்லியிருந்தார். கணக்கில் பதினொன்று, அறிவியலில் பத்தொன்பது என்று காகிதத்தில் இருந்தது. அவர் அதை மடிப்பதற்குள் குந்தவை வாங்கிப் படித்துவிட்டாள். இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

பேருந்து தூரத்தில் தெரியும்போது அவள் சொன்னாள். "தமிழ்ல அறுபத்தெட்டு எடுத்திருக்கீங்கப்பா."

"அது வாத்தியாரு நல்லவரு" என்றார் துரைராசு.

அடுத்த இரண்டாம் புதன்கிழமை குழு அவரை ஒருமனதாகத் தகுதியற்றவர் என்று அறிவித்துக் கைகுலுக்கியது.

"அப்ப அந்த எடம் எம்பொண்ணுக்குத்தானுங்களே?"

"எந்த இடம்?" என்றார் குணசேகரன். "அது உங்க பேர்ல உருவான இடம். நீங்க போனதும் அதுவும் போயிடுச்சு. அது மட்டுமில்ல, இந்த வருஷம் தாவரவியல்ல சேர்ந்தது நீங்க ஒருத்தர்தான். உங்களை நம்பித்தான் துறையையே தொறந்து வெச்சிருந்தோம். இப்ப மூடப் போறோம். மூணு பேராசிரியருங்க செயற்கை நுண்ணறிவுக்கு மாறணும். நீங்க கொஞ்சம் பொறுப்பா நடந்திருக்கலாம்."

துரைராசுவுக்குக் கோபம் வருவது வருடத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் மோட்டார் ஓடாதபோதுதான். இப்போது வந்தது. மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "என்னை ரெண்டு மாசம் கோமாளி மாதிரி உக்கார வெச்சீங்க, பரவாயில்ல. எம்பொண்ணு வாசல்லயே நின்னுச்சுய்யா. ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, உள்ள வாம்மான்னு சொன்னீங்களா? எங்க சான்றிதழைத் திருப்பிக் குடுங்க, நாங்க போறோம்."

"சமர்ப்பிச்ச ஆவணம் எதையும் திருப்பித் தர்றதில்ல. வேணும்னா நகல் எடுத்துக்கலாம்."

குந்தவையின் ஆர்வம் பல்கலைக்கழகத்தின் கோப்பிலேயே தங்கிவிட்டது. எல்லாவற்றின் நகலையும் வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு துரைராசு வெளியே வந்தார். குந்தவை கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அழவும் இல்லை. "வாங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பேருந்தில் அவள்தான் பேசினாள். "அரசுக் கல்லூரியில மிச்சமிருக்கிற எடத்துக்கு நாளைக்கு நேரடியாச் சேக்கறாங்களாம். போன்ல போட்டிருக்கு. போய்ப் பாப்போம். கிடைக்கலன்னா அடுத்த வருஷம். மாமா வந்தா நானே பதில் சொல்லிக்கிறேன்."

"காலையில மொத பஸ்ஸுக்கே போயிடுவோம்" என்றார் துரைராசு.

அரசுக் கல்லூரியில் கோட்டு போட்டவர்கள் யாரும் இல்லை. சுவர் ஓரமாக ஒரு வரிசை நின்றது. வரிசையின் முனையில் மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு ஷமீரா என்ற உதவிப் பேராசிரியை உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். குந்தவையின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்ல மார்க் வாங்கியிருக்கியேம்மா. என்ன பாடம் வேணும்?"

"தாவரவியல் மேடம்."

"மூணு எடம் இருக்கு." ஷமீரா பதிவேட்டில் பெயரை எழுதிக்கொண்டே கேட்டார். "ஏன் தாவரவியல்?"

துரைராசுவின் கை தானாகப் பைக்குள் போனது. ஆர்வச் சான்றிதழின் நகல், மகஜர், நான்கெல்லை, தான் ஒன்பதில் தோற்றதற்கான சான்று எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தார். "எல்லாம் இருக்குங்க மேடம். வி.ஏ.ஓ. கையெழுத்து இருக்கு, சாட்சி இருக்கு. இன்னும் ஏதாவது வேணும்னா ஒரு நாள் டயம் குடுங்க."

ஷமீரா காகிதங்களைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "இதெல்லாம் வேணாங்க. நான் சும்மாதான் கேட்டேன். எதுக்குப் பிடிக்கும்னு."

குந்தவை வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. இத்தனை நாளும் எத்தனையோ படிவத்தில் எத்தனையோ கேள்விக்குப் பதில் எழுதியவள் அவள். துரைராசு மகளைப் பார்த்தார். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஊரெல்லாம் போய்ச் சான்று வாங்கியவர், ஏன் பிடிக்கும் என்று தான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எங்கூர் வாய்க்கால்ல ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கு மேடம்" என்று குந்தவை மெதுவாக ஆரம்பித்தாள். "வருஷா வருஷம் பொக்லைன் வெச்சு அள்ளுறாங்க. அள்ளிக் கரையில போடுறாங்க. தண்ணி வந்ததும் திரும்ப வந்துடுது. நான் ஒம்பதாவது படிக்கும்போது ஒரு செடியை எடுத்துட்டு வந்து பக்கெட்டுல போட்டு வெச்சுப் பாத்தேன். பன்னெண்டு நாள்ல ரெண்டாச்சு. அப்பறம் நாலாச்சு. காம்பை அறுத்துப் பாத்தா உள்ள பூரா காத்து. எல்லாரும் அதை எப்படி அழிக்கறதுன்னுதான் கேக்குறாங்க. அது எப்படி அவ்வளவு நல்லா வாழுதுன்னு யாரும் கேக்கல. அது தெரிஞ்சாத்தானே..."

ஷமீரா பேனாவைக் கீழே வைத்தார். "பக்கெட்டுல என்ன தண்ணி ஊத்துனே? வாய்க்கால் தண்ணியா, அடிபம்புத் தண்ணியா?"

"ரெண்டுலயும் வெச்சுப் பாத்தேன் மேடம்!" குந்தவையின் குரல் உயர்ந்தது. கைகள் இரண்டும் காற்றில் ஒரு பக்கெட்டின் அளவைக் காட்டின.

வரிசையில் பின்னால் நின்றிருந்த ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "கொஞ்சம் சீக்கிரம் முடிங்கம்மா. நாங்கெல்லாம் நிக்கிறோம்."

துரைராசு திரும்பினார்.

"கொஞ்சம் இருங்க அண்ணே," என்றார். "பொண்ணு பேசிக்கிட்டிருக்கு."